கொடைக்கானல் சாக்லேட்... மலை இறங்குமுன் ஒரு நிமிடம்!

கொடைக்கானல் போய்த் திரும்புகிறவர் பையைத் திறந்து பாருங்கள். மலைப்பூண்டு, யூகலிப்டஸ் தைலம், கூடவே அரைக் கிலோ ஹோம் மேட் சாக்லேட் நிச்சயம் இருக்கும்!

"சித்த வைத்தியர் சாக்லேட்டைப் பற்றி எழுதுறாரே, வேண்டாம்னுதான் சொல்லப் போறார்" என்று நினைக்காதீர்கள். அளவும் நேரமும் தெரிந்து சாப்பிட்டால் தப்பில்லை.

கொக்கோ அமெரிக்கக் கண்டத்து மரம். கொட்டையின் சுவை கசப்பும் துவர்ப்பும்தான். அதில் சர்க்கரையும் பாலும் சேரும்போதுதான் இனிப்பு தலைதூக்குகிறது. இனிப்பு மிஞ்சினால் கபம் மிஞ்சும் என்பது சித்த மருத்துவத்தின் பாலபாடம்.

எப்படி வாங்குவது?

அசல் சாக்லேட்டில் இருப்பது கொக்கோ வெண்ணெய். சுமார் 34 டிகிரியில் உருகும். அதனால்தான் நாக்கில் வைத்ததுமே கரைகிறது. மெழுகு போல ஒட்டினால் அதில் வேறு தாவரக் கொழுப்பு கலந்திருக்கலாம். தயாரித்த தேதி, கலந்த பொருட்கள், 14 இலக்க உணவு உரிம எண் மூன்றையும் பாருங்கள். முந்திரி, நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு, எப்போது?

பால் சாக்லேட்டில் ஏறக்குறையப் பாதி எடை சர்க்கரை. 20 கிராம் துண்டு என்றால் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை! நாளைக்கு மொத்தம் 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காபி, டீயில் போடுவதும் இதில் சேர்த்திதான். ஆகவே ஒரு சின்னத் துண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு, மெதுவாகச் சுவைத்து. பிரௌனிக்கும் இதே கணக்கு. லேசாகச் சூடாக்கி, நாலு பேர் ஒரு துண்டைப் பங்கிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், ருசியே தனி! பிறகு வெந்நீரில் வாய் கொப்பளியுங்கள்.

வத்தலக்குண்டு வழியோ, பழனி வழியோ, வளைவுகளில் வண்டி இறங்கும்போது பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுக்காதீர்கள். கொழுப்பும் இனிப்பும் சேர்ந்தால் குமட்டல் கூடும். படுக்கப் போகும் நேரத்திலும் வேண்டாம். அதிலுள்ள காஃபின் தூக்கத்தைக் கெடுக்கும்.

மிக முக்கியமாக ஒன்று!

வீட்டில் இன்சுலின் போடுகிறவரோ, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரோ இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். சுற்றுலாவில் நடை அதிகம், சாப்பாடு தாமதம். ஆனால் ஊசியும் மாத்திரையும் வழக்கம் போல உள்ளே போய்விடும். திடீரென்று கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் இருட்டல் வரலாம். இது சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளம்.

உடனே எல்லோரும் என்ன செய்வோம்? "பையில் சாக்லேட் இருக்கே, கொடு" என்போம். அது சரியல்ல. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியமான நேரத்தில் அந்தத் தாமதம் ஆபத்து. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் இட்லியோ, ரொட்டியோ சாப்பிடச் சொல்லுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

"சுகர் ஃப்ரீ" என்று எழுதியிருந்தாலும் கொழுப்பு இருக்கிறது. சிலவற்றில் சேர்க்கும் மாற்று இனிப்பு, அதிகம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கைத் தரும்.

வீட்டுக்கு வந்த பிறகு...

ஈரமும் மணமும் புகாத டப்பாவில் மூடி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மேலே வெள்ளை பூத்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது உருகி மறுபடி உறைந்த கொழுப்புதான். ஆனால் நாற்றம் மாறியிருந்தால் தூக்கிப் போடுங்கள். வளர்ப்பு நாய்க்கு மட்டும் ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். கொக்கோவிலுள்ள தியோபுரோமின் அதற்கு விஷம்.

அடுத்த முறை மலைக்குப் புறப்படும்போது, சாக்லேட் வாங்கப் பையில் இடம் விடுங்கள். கூடவே ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டுக்கும் இடம் விடுங்கள்!