மாட்டின் பின்னே போன கொக்கு

ஆண்டில் பெரும்பகுதி உண்ணிக்கொக்கு வெறும் வெள்ளைதான். கூடு கட்டும் பருவம் நெருங்கினால் தலையிலும் கழுத்திலும் முதுகிலும் இளஞ்செம்மஞ்சள் தூவிகள் முளைக்கின்றன. இணைசேரும் சில நாட்களுக்கு அலகும் காலும்கூடச் சிவந்து, பிறகு பழைய நிறத்துக்கே திரும்பிவிடும். ஆப்பிரிக்க வகைக்கு உச்சி, மார்பு, முதுகில் மட்டும் இந்தப் பூச்சு; நம் ஊரில் காணும் ஆசிய வகைக்குக் கன்னம், தொண்டை வரை பரவும். அழகுப் போட்டி வைத்தால் என் ஓட்டு நம்மூர்க் கொக்குக்கே.

மீனுக்காகத் தண்ணீரில் தவம் கிடக்கும் கொக்கு அல்ல இது. நீருக்குள் இருக்கும் இரை, ஒளிவிலகலால் சற்றுத் தள்ளித் தெரியும். மற்ற கொக்குகள் அதை அனுசரித்துக் குறி வைக்கும். உண்ணிக்கொக்குக்கு அந்தத் திறமை குறைவு என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. அதன் சாப்பாடு தரையில்தான்: வெட்டுக்கிளி, சிள்வண்டு, ஈ, எப்போதாவது தவளை. உண்ணி பொறுக்குவதெல்லாம் சிறு பங்கு. மாடு நகர நகர, புல்லில் பதுங்கிய பூச்சிகள் துள்ளும், கொக்கு கொத்தும். தனியாக அலைவதைவிடக் குறைந்த நடையில் கூடுதல் இரை. புல்லைக் கலைக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆப்பிரிக்காவில் யானையும் காட்டெருமையும் அந்த வேலையைச் செய்கின்றன. நம் வயல்களில் டிராக்டர்.

இந்தப் பழக்கம்தான் அதை உலகம் சுற்ற வைத்தது. 1870களின் கடைசியில் தென்னமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் இந்தப் பறவை தென்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து மேற்கே வீசும் காற்றோடு அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்க வேண்டும். 1941 வாக்கில் புளோரிடாவை எட்டி, 1953இல் அங்கே கூடு கட்டியது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளிலும் சில கொக்குகள் காற்றில் அடித்துப்போய் அக்கரையில் இறங்கியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அன்று அங்கே மேய்ச்சல் நிலம் ஏது? ஐரோப்பியர் காடழித்து மாட்டைப் பெருக்கிய பிறகுதான் வந்த பறவைக்குப் பிழைக்க வழி கிடைத்தது.

ஆஸ்திரேலியாவின் மேற்கில் 1933இல் மனிதர்கள் கொண்டுபோய் விட்டவை நிலைக்கவில்லை. 1940களில் வடக்கிலிருந்து தாமாக வந்தவையே பெருகின. ஹவாயில் கதை வேறு. மாடுகளை மொய்க்கும் ஈக்களை ஒழிக்க 1959இல் அங்கே இறக்கினார்கள். ஈயோடு நிற்காமல், அத்தீவுகளுக்கே உரிய நீர்ப்பறவைகளின் குஞ்சுகளையும் அவை விழுங்குகின்றன; விமான ஓடுபாதைப் புல்லிலும் இரை தேடி இறங்குகின்றன. இப்போது அங்கே அவற்றைக் கட்டுப்படுத்துவது தனி வேலையாகிவிட்டது.