பச்சையும் ஊசியும்

பேரா மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊரின் பெயரைக் கேட்டதும் மலேசியர் பலர் நகைப்பர். 1911ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பெற்ற மனநோய் மருத்துவமனையே அதற்குக் காரணம். பிணி தீர்க்கும் இடத்தின் பெயரை வசைச்சொல்லாக்கியது எத்துணைப் பிழையோ, அத்துணைப் பிழை உடலிலுள்ள குறியைக் கொண்டு ஒருவன் குணத்தை அளப்பது. இளைஞர் பச்சை குத்திக்கொள்வதையும், புருவத்திலும் உதட்டிலும் காதுமடலிலும் துளையிட்டுக்கொள்வதையும் ஆராய்வோர் இதனை மறத்தலாகாது.

பச்சை குத்துதல் தமிழர்க்குப் புதிதன்று. கலித்தொகை கூறும் தொய்யில் வேறு. அது மகளிர் மேனியில் குழம்பால் எழுதப்பெற்றுப் பின் அழிவது. பச்சையோ தோலின் உட்படலத்தில் ஊசியால் செலுத்தப்பெற்று அழியாது நிற்பது. குறவர் குலப் பெண்டிர் அதனைச் செய்த முறையை, எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். மஞ்சளையும் அகத்தியிலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்துப் பிடித்த கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து, மூன்று நான்கு தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்தினர். மை கரியதாயினும் தோலினூடே நோக்குங்கால் நீலமும் பச்சையுமாகத் தோன்றும்.

அக்கோலத்தை முன்கையில் தாங்கியே ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த பெண்டிர் பலர். காது வளர்த்துப் பாம்படம் அணிந்தோரும் அவருள் இருந்தனர். ஈப்போ கல்லுமலைக் கோயிலில் தைப்பூசத்தன்று அலகு குத்திக்கொள்வோரை இன்றும் காணலாம்.

அங்ஙனமாயின் இகழ்ச்சி எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் ஆயுள்தண்டனை பெற்றோரின் நெற்றியில் குற்றத்தைப் பச்சையாகப் பொறித்தனர். அத்தகையோர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாடு கடத்தப்பட்டனர். 1849இல் அவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது. பிற்காலத்தில் குண்டர் கூட்டங்களும் பச்சையைத் தம் அடையாளமாக்கின. ஆகவே, பாட்டியின் கையில் அழகெனப்பட்டது பேரன் கையில் குற்றமெனப்படுகிறது.

உண்மையில் தீங்கு குறியில் இல்லை; ஊசியில் உள்ளது. ஒருவர் குருதி படிந்த ஊசி மற்றொருவர் உடலிற் புகின், கல்லீரல் அழற்சி தரும் பி, சி வகை நச்சுயிரிகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். பி வகை உடலுக்கு வெளியே 7 நாளேனும் ஆற்றல் குன்றாதிருக்க வல்லது. அதற்கெதிரான தடுப்பூசி மலேசியக் குழந்தைகளுக்கு 1989 முதல் போடப்படுகிறது. அதே ஆண்டில் இனங்காணப்பட்ட சி வகையை மருந்தால் குணப்படுத்தலாம். ஆயின் தடுப்பூசி இன்றளவும் இல்லை. ஊசியைத் தீயிற் காட்டுவதும் ஸ்பிரிட்டால் துடைப்பதும் போதா. ஒவ்வொருவர்க்கும் புது ஊசியும் தனிக் கிண்ணத்தில் மையும் வேண்டும். மற்றக் கருவிகளை அழுத்த நீராவியில் 121 பாகை செல்சியசு வெப்பத்தில் 15 நிமிடமேனும் வைத்தல் வேண்டும்.

துளையிடும் இடமும் நோக்கத்தக்கது. காதுச்சோணை குருதியோட்டம் மிக்கது; 6 முதல் 8 வாரங்களில் ஆறும். மேல்மடலோ குருத்தெலும்பாலானது. அதற்கெனக் குருதிக்குழாய் இன்மையால் ஆறுவதற்குப் பல திங்கள் ஆகும். சீழ் பிடித்தால் மடலே சுருங்கி உருக்குலையவும் கூடும். பாட்டியின் சோணை ஆறியது கொண்டு பேரனின் மடலும் ஆறுமெனக் கருதற்க.

வசைக்கும் தண்டனைக்கும் அஞ்சும் மாணவன் ஆசையை விடுவதினும் அதனை மறைப்பதே எளிது. மறைவிடத்தில் ஒரே ஊசி பலர் கைக்கு மாறும். புண் வீங்கினும் அவன் எவரிடமும் காட்டான். இகழ்ச்சி இவ்வாறு நோய்க்கே துணைபோகிறது.

பச்சையை ஒளிக்கருவியால் நீக்கப் பல அமர்வுகள் வேண்டும், தழும்பும் எஞ்சலாம் என்பதைக் குத்துமுன்னரே இளைஞர்க்கு அறிவுறுத்தல் ஆசிரியர் கடன். குத்திக்கொண்டு வந்து நிற்பவனிடம் கேட்க வேண்டிய முதல் வினா, “ஏன் குத்தினாய்?” என்பதன்று, “எந்த ஊசியால் குத்தினார்கள்? புண் எப்படி இருக்கிறது?” என்பதே.