படிகத்துக்குள் குடியேறிய தங்கம்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் காப்பர் சல்பேட் படிகம் வளர்த்திருக்கிறீர்களா? கரைசலில் ஒரு நூலைத் தொங்கவிட்டுச் சில நாள் காத்திருந்தால், அழகிய நீலக் கல் உருவாகும். கரைசலில் சிறிது மாசு கலந்திருந்தாலும் படிகம் பெரும்பாலும் தூய்மையாகவே வளரும். படிகத்தில் ஒவ்வோர் அயனிக்கும் உரிய இடம் உண்டு. அந்த வரிசையில் பொருந்தாதவற்றை அது வெளியே தள்ளிவிடும்.

அப்படியானால், அயனியைவிடப் பல மடங்கு பெரிய தங்கத் துகளைப் படிகத்துக்குள் புகுத்த முடியுமா? முடியும் என்று பிரிட்டனின் லீட்ஸ், ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் காட்டினர்.

அவர்கள் எடுத்துக்கொண்டது கால்சைட். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சியம் கார்பனேட் படிகம்தான் அது. தங்க நானோ துகள்களுக்கு முதலில் பாலிமர் இழைகளால் ஓர் 'உடை' அணிவித்தனர். அந்த இழைகள் எதிர்மின் சுமை கொண்டவை. கால்சியம் அயனியோ நேர்மின் சுமை கொண்டது. இரண்டும் ஈர்ப்பதால், துகள் வளரும் படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. படிகம் அதைத் தள்ளிவிடுவதற்குப் பதிலாக, சுற்றி வளர்ந்து மூடிவிடுகிறது.

விளைவு என்ன தெரியுமா? நிறமற்ற கால்சைட் நிறம் பெற்றது! தங்கம் மஞ்சள்தானே என்று கேட்கலாம். நானோ அளவில் தங்கத்தின் எலக்ட்ரான்கள் பச்சை ஒளியை அதிகம் உட்கவர்வதால் அது சிவப்பாகத் தெரியும். மைக்கல் ஃபாரடே 1857இலேயே இத்தகைய சிவப்புத் தங்கக் கரைசலை ஆராய்ந்தார். தங்கத்துக்குப் பதில் காந்தத் தன்மையுள்ள மேக்னடைட் துகள்களைச் சேர்த்தால், காந்தம் ஈர்க்கும் கால்சைட் கிடைக்கிறது.

இதனால் என்ன பயன்? நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அவற்றின் சிறப்புத் தன்மை மாறிவிடும். சிவப்புத் தங்கக் கரைசல்கூட நீலமாகிவிடும். படிகத்துக்குள் அவை தனித்தனியே பூட்டப்பட்டிருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே பொருளில் இரு பொருள்களின் பண்புகளும் கிடைக்கின்றன.

இயற்கை இந்த உத்தியை எப்போதோ கற்றுக்கொண்டது. கடல் முள்ளெலியின் முட்களும் கால்சைட்தான். சாதாரண கால்சைட் தட்டினால் தட்டையான முகங்களாகப் பிளந்துவிடும். முள்ளில் கலந்திருக்கும் சிறிதளவு புரதமோ அப்படி எளிதில் பிளக்கவிடுவதில்லை.

அடுத்த முறை கற்கண்டைக் கையில் எடுக்கும்போது யோசித்துப் பாருங்கள்: இதற்குள் எதைக் குடியேற்றலாம்? அதற்கு என்ன உடை அணிவிக்க வேண்டும்?