மலைப்பாதையில் மட்டும் ஏறிய முள்

மும்பையிலிருந்து புனே நோக்கிச் செல்லும் விரைவுச்சாலையில், கோபோலியைக் கடந்ததும் மலை ஏற்றம் தொடங்குகிறது. கண்டாலா வரையிலான அந்த ஏற்றத்தில்தான் எங்கள் காரின் வெப்பமானி முள் ஒவ்வொரு முறையும் சிவப்புக் கோட்டை நோக்கி நகரும். லோணாவளாவைத் தாண்டிச் சமதளத்தில் ஓடத் தொடங்கினால் தானாகவே இறங்கிவிடும். புனே நகர நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தாலும் முள் அசையாது. ஒன்பது ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் அது. மும்பையில் வசிக்கும் அக்காவைப் பார்க்க மாதம் ஒருமுறை சென்று திரும்பும் நாங்கள், ஏறக்குறைய ஓராண்டு இந்தத் தொல்லையோடு வாழ்ந்தோம்.

முதலில் சென்ற பட்டறையில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். எஞ்சின் ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டியதும் திறந்து, கூலண்டை ரேடியேட்டருக்கு அனுப்பும் சிறிய அடைப்பான் அது. மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்படியானால் நகரத்திலும் அல்லவா கொதித்திருக்க வேண்டும்? அந்தக் கேள்வி அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. அடுத்த பட்டறையில் வாட்டர் பம்ப் மாறியது. முள் மட்டும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மூன்றாவது இடத்தில், ஹெட் காஸ்கெட் போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, அதுவரை செலவழித்ததைப் போல மூன்று மடங்கு.

அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விகள்தான் கேட்டார். நிற்கும்போது சூடாகிறதா, ஓடும்போதா? ஏ.சி.யை அணைத்தால் குறைகிறதா? தண்ணீர் குறைகிறதா? குறைந்தால் எதை ஊற்றுகிறீர்கள்?

நின்றால் சூடாகி, ஓடினால் தணியும் வண்டியில் முதலில் மின்விசிறியைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். ஓட்டத்தில் கிடைக்கும் காற்று, நிற்கும்போது விசிறியிடமிருந்துதான் வர வேண்டும். எங்கள் வண்டி அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. பிறகு எஞ்சின் ஆறியிருந்தபோது ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். கால் மணி நேரம் கழித்தும் அழுத்தம் இறங்கவில்லை. எனவே கசிவு இல்லை. அடுத்து, ஓடும் எஞ்சினின் ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுத்தார். காஸ்கெட் பழுதாகிப் புகைவாயு கலந்திருந்தால், அதிலுள்ள கரியமில வாயு திரவத்தை மஞ்சளாக்கும். நீலம் நீலமாகவே இருந்தது. எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு அத்துடன் முடிந்தது.

இறுதியாக, தொடாமலேயே வெப்பம் அளக்கும் கருவியை ரேடியேட்டரின் மீது வரிசை வரிசையாக நகர்த்தினார். கூலண்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை வெப்பம் படிப்படியாகக் குறைவது இயல்பு. ஆனால் கீழ் வரிசைகள் ஒரு முனை முதல் மறுமுனை வரை குளிர்ந்தே கிடந்தன. அங்கே கூலண்ட் ஓடவே இல்லை, குழல்கள் அடைபட்டிருந்தன. நகரத்தில் எஞ்சின் உண்டாக்கும் சிறிய வெப்பத்துக்கு மீதமிருந்த குழல்கள் போதும். மலை ஏற்றத்தில் வெப்பம் பல மடங்காகிறது. முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சரும் சூடான காற்றையே அனுப்புகிறது.

குழல்களை அடைத்தவர்கள் நாங்களேதான். கூலண்ட் சிறிது குறையும்போதெல்லாம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வந்தோம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்புதான் குழல்களிலும் படிந்தது. துருவைத் தடுக்கும் சேர்மானமும் நீர்த்துப்போயிற்று. மூடி ஒன்றைப் பற்றியும் அவர் சொன்னார். குக்கரைப் போல அது அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காமல், ஏறத்தாழ 120 வரை பொறுக்கிறது. எங்கள் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தது. அதையும் ரேடியேட்டரையும் மாற்றினார்.

காப்பீட்டில் கேட்கலாமே என்று பாலிசியைப் புரட்டினோம். பொதுவாக மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை. முள் சிவப்பில் இருக்கும்போதே ஓட்டி, அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துபோயிருந்தால் அந்தச் செலவும் எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடும் பெரும்பாலும் வெள்ள நீர் புகுதல், எண்ணெய்க் கசிவு போன்றவற்றுக்கே. அதன் நிபந்தனைகளை வாங்கும்போதே வாசிப்பது நல்லது.

மலையில் முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுமையாக வைக்க வேண்டும். அதுவும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். சிவப்பைத் தொட்டால் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி எஞ்சினை நிறுத்த வேண்டும். நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது. முதல் பயணத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவசரப்பட்டு அதைத் திறந்ததன் தழும்பு, எங்களில் ஒருவர் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

சென்ற மே மாதம், ஏ.சி. ஓட, நால்வரும் மூட்டைகளுமாக அதே மலையில் ஏறினோம். முள் நடுவிலேயே நின்றது. டிக்கியில் தண்ணீர் கேன் இருந்த இடத்தில் இப்போது கலந்து வைத்த கூலண்ட் இருக்கிறது.