ஈறு நோயால் விழுந்த முன்பல்: உடனே இம்ப்ளாண்ட் வைக்கலாமா?

முன்பல் போவது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. ஸா, தால், ளா ஆகிய எழுத்துகள் மேல் முன்பற்களின் நுனியில் நாக்கு பட்டுப் பிறப்பவை. ஃபாவுக்கும் மேல் முன்பல் வேண்டும். பல் இல்லையென்றால் குர்ஆன் ஓதும்போது மக்ரஜ் தடுமாறும்.

செயற்கைப் பல் வைப்பது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். இழந்ததை ஈடுசெய்வது மாற்றுவதாகாது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார்கள், அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூத், திர்மிதீயில் பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் தேவைக்காக அனுமதி கிடைத்தது.

இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்பில் பொருத்தும் டைட்டானியம் திருகு. 1965-இல் ஸ்வீடனில் டாக்டர் பிரானெமார்க் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். பல்லைப் பிடுங்கிய அன்றே திருகை வைப்பதுதான் 'உடனடி' முறை. அன்றே தற்காலிகப் பல் மாட்டினாலும் அது தோற்றத்துக்குத்தான். எலும்பு திருகோடு சேர 3 முதல் 6 மாதம் ஆகலாம். புதியம்புத்தூர் தையல்காரர்கள் அதுவரை பல்லால் நூலைக் கடிக்கக் கூடாது.

முக்கியமான விஷயம் இதுதான். ஈறு நோய் பல்லைத் தாங்கும் எலும்பையே கரைத்துவிடுகிறது. அதைக் குணப்படுத்தாமல் இம்ப்ளாண்ட் வைத்தால், அதைச் சுற்றியும் அதே நோய் வரும்; செலவழித்த பணமும் போகும். எனவே முதலில் காரையை எடுத்து, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பீடி, சிகரெட், புகையிலையை விட வேண்டும். சீழ் அதிகமாக இருந்தாலோ எலும்பு போதாவிட்டாலோ மருத்துவர் சில மாதம் பொறுக்கச் சொல்வார். அதுவரை கழற்றி மாட்டும் பல் போதும்.

எலும்பு குறைவாக இருந்தால் எலும்புத்தூளும் அதை மூடும் மெல்லிய சவ்வும் வைப்பார்கள். இவற்றில் சில மாட்டிலிருந்தும், சில பன்றியிலிருந்தும் எடுக்கப்படுபவை. எதிலிருந்து எடுத்தது என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். நம் சொந்த எலும்பு, செயற்கைத் தூள் போன்ற மாற்றுகள் உண்டு.

ஹனஃபி மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு. கழற்றி மாட்டும் பல்லைக் கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும். எலும்பில் நிலையாகப் பொருத்தியதைக் கழற்ற வேண்டியதில்லை.

பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் அதுவே ஈறு நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். மிஸ்வாக்கை இவ்வளவு வலியுறுத்திய நபியின் உம்மத் நாம். இருக்கும் பல்லைக் காப்பதுதான் முதல் சுன்னத்.