மடித்தால் அணையும் அடுப்பு

அறிவியல் கண்காட்சி நாளைக்குத்தான். நான் முந்தின நாளே மொட்டை மாடி ஏறிவிட்டேன்! நீங்களும் என் பின்னாலேயே வாருங்கள். படியில் பசை வாளி இருக்கிறது, பார்த்து.

சிவகாசிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. ஆடி மாதம், பத்து மணிக்கே தளம் உள்ளங்காலைச் சுடுகிறது. எட்டாம் வகுப்புப் பெண்கள் ஆறு பேர் சூரிய அடுப்பு செய்துகொண்டிருக்கிறார்கள். எங்கு பார்த்தாலும் அட்டைத் துண்டு, கத்தரிக்கோல், மைதாப் பசை காய்ந்து வெளுத்த விரல்கள். இந்த ஊரில் அட்டைக்கா பஞ்சம்? பட்டாசுப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு பெட்டியில் 'தீயிலிருந்து தள்ளி வைக்கவும்' என்று அச்சடித்திருக்கிறது. "தள்ளித்தாங்க்கா வெச்சிருக்கோம், பதினஞ்சு கோடி கிலோமீட்டர்!" என்று ஒருத்தி சூரியனைக் காட்ட, மாடியே அதிர்கிறது.

ஃபாயில் ஒட்டும் வேளையில் மட்டும் சத்தம் அடங்கிவிடுகிறது. பளபளக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும், சுருக்கம் விழக்கூடாது. ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பழைய துணியால் நீவுகிறாள். நெற்றி வியர்வை ஃபாயிலில் சொட்டாமல் இருக்க, பக்கத்தில் நிற்பவள் தாவணி முனையால் துடைத்துவிடுகிறாள். நாளை வருகிறவர்கள் வெள்ளி மாதிரி மின்னும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முதுகுப் பக்கம் சங்குச்சக்கரப் படம் சிரிப்பது நமக்கு மட்டும்தான் தெரியும்!

முன்மடிப்பில் இரண்டு கீறல் போட்டு, பக்கத்து இறக்கைகளை அவற்றில் செருகினால் அடுப்பு ரெடி. இந்த வடிவத்துக்கு 'குக்கிட்' என்று பெயராம். பிரான்சைச் சேர்ந்த ரோஜே பெர்னார் என்பவரின் யோசனையை வைத்து 1994இல் உருவாக்கினார்களாம். அடுத்த ஆண்டே கென்யாவின் ககூமா அகதி முகாமில், விறகுக்கு அலைந்த பெண்கள் இதில் சமைத்தார்கள் என்று டீச்சர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். நோட்டுப் புத்தகக் கட்டு கூட இதைவிடக் கனம்.

கனம் இல்லாததுதான் வம்பாகவும் போனது. ஆடிக் காற்று ஒரு தூக்குத் தூக்க, அடுப்பு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பறந்தது. ஆறு பேரும் துரத்திப் பிடித்து, ஆளுக்கொரு புத்தகப் பையை முட்டுக் கொடுத்தார்கள்.

அடுத்த சிக்கல், பாத்திரம். சூட்டை இழுக்க வெளிப்புறம் கறுப்பாக இருக்க வேண்டும். கறுப்புப் பெயிண்ட் அடித்த புதுச் சட்டியோ இன்னும் காயவில்லை. ஒருத்தி வீட்டுக்கு ஓடிப்போய், விறகடுப்பில் கரியேறிய பாத்திரத்தைத் தூக்கிவந்தாள். பின்னாலேயே மூச்சு வாங்க அவள் அப்பத்தா! "எஞ் சட்டிய எதுக்குடி தூக்கிட்டு வந்தே? தேய்ச்சுக் கீய்ச்சுத் தொலைக்காதீங்க!" தேய்ப்பதாவது, அந்தக் கரிதானே வேண்டும்!

சட்டி அட்டையைத் தொடாமல் நிற்க ஏதாவது வேண்டும் என்று டீச்சர் சொல்லி முடிக்கவில்லை, அப்பத்தா மூன்று கல் பொறுக்கி அடுப்புக் கூட்டிவிட்டார். ஒரு டம்ளர் அரிசி, அளவாய்த் தண்ணீர். மூடியைப் போட்டு, அதன் மேல் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தார்கள். டீச்சருக்குக் கல்யாணத்தில் வந்த கிண்ணம், அதனால் நான்கு கைகள் சேர்ந்து இறக்கின. மணி பத்தரை.

இனி காத்திருப்புதான். நேற்று சோதனைக்குச் செய்த அடுப்பில் நாலு தடவை திறந்து பார்த்ததில் சோறு நறுக்கரிசியாகி, கோழிகளுக்குப் போயிற்றாம். இன்று காவல் கடுமை. பக்கத்தில் ஒரு குச்சியை நிறுத்தி, அரை மணிக்கு ஒருமுறை அதன் நிழலைப் பார்த்து அடுப்பைத் திருப்புகிறார்கள். உச்சி வேளையில் அந்த நிழலும் குச்சியின் காலடியில் சுருண்டு ஒளிந்துகொண்டது. கண் கூசாமலிருக்க ஆறு பேருக்கும் ஒரே கூலிங் கிளாஸ். அது கைமாறிக் கைமாறி அப்பத்தா மூக்கில் ஏறியதும் எழுந்த விசிலைக் கேட்டிருக்க வேண்டும்!

"கொதிக்கிற சத்தமே கேக்கலியே" என்று அவருக்குக் கை துறுதுறுக்கிறது. தளதளவென்று கொதிக்கத் தேவையில்லை, 80 டிகிரியைத் தாண்டினாலே அரிசி வெந்துவிடும் என்கிறார் டீச்சர். அப்பத்தா நம்பவில்லை. கண்ணாடிக்குள் நீர்த்துளி கோத்துக்கொண்டு இறங்குவதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு மணிக்குத் திறந்தார்கள். குபீரென்று ஆவி! அப்பத்தா ஒரு பருக்கையை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்க்கிறோம். "வெந்திருச்சு." பிறகு மெல்ல மோந்து பார்த்து, "பொகை வாசமே இல்லடி!"

ஆளுக்கு ஒரு கவளம், தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். அவ்வளவுதான் சாப்பாடு, ஆனால் என்ன ருசி!

கை கழுவி வந்த அப்பத்தா, பழக்க தோஷத்தில் அடுப்பு முன் குனிந்தார். "இத எப்படித்தா அணைக்கிறது?"

"மடிச்சா அணைஞ்சிரும் அப்பத்தா" என்று பேத்தி அடுப்பை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.