கொடுத்தால்தான் கிடைக்கும் துணி அட்டை

அட்டை என்ற சொல்லுக்கு, இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களிடையே நீண்ட காலம் ஒரே பொருள்தான் இருந்தது: நிவாரண அட்டை. அதை நீட்டி, வரிசையில் நின்று, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, அரிசியும் மாவும் பெற்றுச் சென்ற காலத்தை மறந்தவர் எவருமில்லை. நான் எழுத வந்தது வேறொரு அட்டையைப் பற்றி. அதைப் பெற வேண்டுமானால் முதலில் ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும். பணம் கொடுத்து அதை வாங்க இயலாது.

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரம் நம்மவருக்குப் புதிய பெயரல்ல. மகனோ மருமகளோ அங்கே வேலை செய்கிற வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. அந்நகரில் பழைய புத்தகக் கடை நடத்திய வென்சி ஸ்டிர்னமன் என்ற ஓவியர், உள்ளங்கையில் அடங்கும் சிறு அட்டைகளில் படங்கள் செய்து, 1997 இல் 1200 அட்டைகளைக் காட்சிக்கு வைத்தார். அவற்றை அவர் விற்கவில்லை. வந்தவர்களைப் பார்த்து, நீங்களும் செய்து கொண்டு வாருங்கள், மாற்றிக்கொள்வோம் என்றார். அதே ஆண்டில் டொன் மேபி என்ற கனேடிய ஓவியர் இவ்வழக்கத்தைக் கல்கரி நகருக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது பல நாடுகளுக்கும் பரவியது.

சட்டங்கள் மிகக் குறைவு. அளவு 2½ அங்குலம் அகலம், 3½ அங்குலம் உயரம். விளையாட்டு வீரரின் படமுள்ள அட்டைகளைச் சிறுவர் மாற்றிக்கொள்வார்களே, அந்த அளவுதான். பின்புறத்தில் செய்தவரின் பெயரும் திகதியும் இருக்க வேண்டும். விற்கக் கூடாது. பின்னாளில் இதே அளவில் செய்து விற்க விரும்பியவர்கள் தம் அட்டைகளுக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டனர். அந்த அளவுக்கு இந்தச் சட்டம் மதிக்கப்பட்டது.

காகிதத்தில் தொடங்கியதைத் தையல் தெரிந்த பெண்கள் துணிக்கு மாற்றினர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஒட்டுப்போர்வை தைக்கும் பெண்களிடம் வெட்டுத்துண்டுகள் எப்போதும் மிஞ்சும். ஒரு போர்வை முடிய மாதங்கள் செல்லும். ஓர் அட்டையோ, பிள்ளை நித்திரையான பிறகு ஓரிரு இரவில் முடிந்துவிடும்.

தபால் மூலம் மாற்றிக்கொள்ளும் முறை இதுதான். ஒருவர் பொறுப்பாளராக நின்று, இலை, யன்னல், மழை என்று ஏதாவதொரு தலைப்பையும் கடைசித் திகதியையும் அறிவிப்பார். 6 பேர் சேர்ந்தால் ஒவ்வொருவரும் 5 அட்டைகள் தைத்து, தம் விலாசம் எழுதி முத்திரை ஒட்டிய வெற்று உறையையும் கூடவைத்து அவருக்கு அனுப்புவர். 30 அட்டைகளும் வந்து சேர்ந்த பின்னர் அவர் அவற்றைப் பிரித்து, மற்ற ஐவரின் கைவேலையிலும் ஒவ்வொன்று கிடைக்கும்படி அவரவர் உறையில் இட்டுத் திருப்பி அனுப்புவார். அனுப்பாதவருக்கு எதுவும் போகாது. எல்லாம் வந்து சேரும் வரை பொறுப்பாளர் கையிலுள்ளதைப் பிரிக்கவும் மாட்டார். வெட்டுக் காலத்தில் இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்று ஆள்மாறிப் போகும் கமக்காரருக்கு இந்த நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

நாடு விட்டு நாடு போகும்போது நமது முத்திரை அங்கே செல்லாது. திருப்பி அனுப்பும் செலவை யார் ஏற்பது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். துணி ஒரு பொருளாகையால் சுங்கப் படிவமும் கேட்கப்படலாம். தபாலகத்தில் விசாரித்த பின்னரே உறையை ஒட்டுங்கள். தடித்த பொத்தானும் மணியும் வைத்துத் தைத்தால் கடிதம் பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கும். சிலர் 4 அங்குலத்துக்கு 6 அங்குலத்தில் பெரிய அட்டை தைத்து, துணியின் மேலேயே முத்திரை ஒட்டி, உறையில்லாமல் அனுப்புகின்றனர். மழைக்காலத்தில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

செய்வதற்கு மூன்று அடுக்கு போதும். நடுவில் சேட்டுக் கொலருக்குள் தையல்காரர் வைக்கும் விறைப்புத் துணி. அது இல்லாவிட்டால் கெட்டிக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்து மினுக்கிய பழைய வேட்டித் துண்டு இரண்டு மடிப்பு. பின்புறத்துக்கு எழுதக்கூடிய வெள்ளைத் துணி. முன்புறம் உங்கள் விருப்பம்: சேலைக்கரை, பள்ளிச் சட்டையின் நீலம், சாக்குத் துண்டு. வடிவங்களை வெட்டி வைத்துத் தைக்கலாம்; கொடியும் வரம்பும் சங்கிலித் தையலில் நன்றாக வரும். பின்புறத் துணியைச் சேர்ப்பதற்கு முன்பே முன்புற வேலையை முடித்துவிட வேண்டும், இல்லையேல் முடிச்சுகள் எல்லாம் வெளியே தெரியும். கடைசியில் பொத்தான் துளைக்குத் தைப்பதுபோல் விளிம்பைச் சுற்றி நெருக்கமாகத் தைத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். தையல் இயந்திரம் கட்டாயமில்லை.

எதைத் தைப்பது? எங்கள் போன்ற அபிவிருத்தி வேலைக்காரரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. துன்பப்பட்டவர்கள் துன்பத்தையே வரைய வேண்டும், தைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். கூடாரத்தையும் தறப்பாளையும் தைக்க விரும்புகிறவர் தைக்கட்டும். வெங்காயப் பாத்தியையும் துலாவையும் கன்றுக்குட்டியையும் தைக்க விரும்புகிறவரை யாரும் திசைதிருப்ப வேண்டாம்.

இதை வருமானத் திட்டமாக்கினால் என்ன என்று கேட்கக்கூடியவர்களும் நம்மிடையே உண்டு. அது நியாயமான கேள்வி. தென் அமெரிக்காவின் சிலியில் 1973 செப்டெம்பர் 11 ஆம் திகதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவியரும் 1974 முதல் திருச்சபையின் ஆதரவில் கூடி, சாக்குத் துணியில் பழைய உடைத்துண்டுகளை வைத்துத் தைத்துப் படங்கள் செய்தனர். அர்ப்பியேரா என்பது அவற்றின் பெயர். சாக்குத்துணி என்பதே அச்சொல்லின் பொருள். 1976 இல் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கேஸ் நிறுவிய ஒருமைப்பாட்டுப் பணியகத்தின் மூலம் அவை வெளிநாடுகளில் விற்கப்பட்டன. அந்தப் பணம் அப்பெண்களின் வீடுகளில் அடுப்பெரிய உதவியது. சிலவற்றின் பின்புறத்தில் சிறு பை தைத்து, உள்ளே ஒரு கடதாசித் துண்டில் செய்தி எழுதி வைத்தனர். ஆபத்துக் காரணமாகப் பலவற்றில் பெயர் இல்லை.

அங்கே விற்க வேண்டியிருந்தது, விற்றார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனினும் துணி அட்டையை அந்த வழியில் கொண்டுபோக வேண்டாம் என்பதே என் எண்ணம். விலை கொடுத்தவருக்கு அத்துடன் கடமை தீர்ந்துவிடுகிறது. மாற்றிக்கொள்பவரோ தாமும் ஊசியில் நூல் கோத்து உட்கார வேண்டும். கல்கரியிலுள்ள ஒரு பெண் உங்கள் துலாவுக்கு ஈடாகத் தம் வீட்டு முற்றத்துப் பனியைத் தைத்து அனுப்புகிறாரென்றால், அவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை, கணக்குத் தீர்க்கிறார். பல ஆண்டுகள் வாங்கியே பழகிய கைக்கு இந்தக் கணக்கு ஒரு தடவையாவது வர வேண்டும். சந்தைக்குத் தைக்க வேண்டிய தேவை இருந்தால் பையும் மேசைவிரிப்பும் தைக்கலாமே.

பெயர் எழுதுவதில் தயக்கமுள்ளவர்கள் சொந்தப் பெயரும் ஊரும் மட்டும் எழுதினால் போதும். முழு விலாசம் பொறுப்பாளரிடம் இருக்கட்டும். எந்த ஊரை எழுதுவது, விட்டு வந்ததையா இப்போது இருப்பதையா என்பது அவரவர் முடிவு. இரண்டையும் எழுத இடம் உண்டு.

முதல் முறை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம். பக்கத்துப் பங்கிலோ அடுத்த கிராமத்திலோ உள்ள 6 பேருடன் தொடங்குங்கள். வந்த அட்டைகளைப் பொலித்தீன் பையில் கட்டிவைத்தால் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த வேப்பிலையுடன் பிஸ்கற் ரின்னில் வைத்து, இடையிடையே வெளியே எடுத்துக் காற்றுப்பட விடுங்கள்.